ஒரு ரூபாய்ப் புறநானூறு

எங்கள் கட்டடம் டோர்செட் பார்க்கில், கெனடி வீதியில், 401 நெடுஞ்சாலைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. பன்னிரண்டாம் மாடியில் ஓர் ஐயா தனியே இருந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். லிஃப்டில் கண்டால் தலையாட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். போன குளிர்காலத்தில் அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டு போய்விட்டார்கள். இரண்டு கிழமை கழித்துக் குப்பை அறைக்குப் போனபோது வாழைப்பழப் பெட்டி ஒன்று சுவரோடு கிடந்தது. திறந்து பார்த்தால் முழுக்கப் புத்தகம்.

பாதிக்கு மேல் மாஸ்கோப் புத்தகங்கள். அவற்றுக்குக் கீழே ஒரு புறநானூறு. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் 1981 இல் மறுபதிப்பாக வெளியிட்ட மர்ரே ராஜம் பதிப்பு. எனக்குக் கை நடுங்கியது என்று எழுதினால் மிகை என்பீர்கள். ஆனால் பெட்டியை அங்கே விட்டுவிட்டு வர முடியவில்லை. தூக்கி வந்ததில் இரண்டு நாள் இடுப்பு நோவு.

இந்தப் புத்தகத்தின் மூத்த அண்ணன் எங்கள் பெரியப்பாவிடம் இருந்தது. அவர் தபால் கந்தோரில் கிளாக். ஐம்பதுகளின் கடைசியில் சென்னைக்குப் போன ஒருவரிடம் சொல்லி எடுப்பித்தது. பழுப்பு அட்டை, பின்னேரமானால் முற்றத்துக் கதிரை, வெற்றிலைத் தட்டம், பக்கத்தில் அந்தப் புத்தகம். பெரியப்பா பண்டிதர் அல்ல, எட்டாம் வகுப்போ என்னவோதான். ஊர்ப் பண்டிதர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சல். "கிளாக்கர் புறநானூறு வாசிக்கிறாராம்" என்று வாசகசாலையில் நக்கலாகக் கதைத்ததை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். 1995 இடப்பெயர்வில் வீட்டோடு அதுவும் போயிற்று.

எட்டாம் வகுப்புப் படித்த ஒருவரால் அதை எப்படி வாசிக்க முடிந்தது? அந்தக் கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. வந்தது போன மாதம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

மர்ரே எஸ். ராஜம் என்பவர் சென்னையில் மர்ரே அண்ட் கம்பனி என்ற ஏலக் கம்பனியை நடத்தியவர். பழைய தளபாடங்களையும் பெரிய வீட்டுச் சாமான்களையும் கூடக் கேட்பவருக்கு விற்பதுதான் தொழில். அந்த மனிதர் 1950 களின் நடுவில் பழந்தமிழ் நூல்களை ஒரு ரூபாய்க்குக் கொடுக்கத் தொடங்கினார். நாலாயிர திவ்வியப் பிரபந்தம், கம்பராமாயணம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண் கீழ்க்கணக்கு, தொல்காப்பியம் என்று வரிசையாக வந்தன. உரை இல்லை, மூலம் மட்டும். தொடக்கத்தில் வழிகாட்டியவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. 1956 இல் அவர் இறந்த பிறகும் மு. சண்முகம் பிள்ளை போன்றவர்களை வைத்து வேலை தொடர்ந்தது. இலாபத்துக்குச் செய்த காரியமல்ல என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

மலிவுப் பதிப்பு அவர் கண்டுபிடித்ததல்ல. ஜேர்மனியில் ரெக்லாம் பதிப்பகம் 1867 இலேயே தொடங்கிவிட்டது. எழுத்தாளர் இறந்து முப்பது ஆண்டு கடந்தால் உரிமை இல்லை என்று அந்த ஆண்டு சட்டம் வந்ததும், கோதேயின் ஃபவுஸ்ற்றை முதலாம் இலக்கமாகப் போட்டார்கள். அந்த வரிசை இன்றும் மஞ்சள் அட்டையோடு விற்கிறது. ஜேர்மனிக்குப் போன எங்கள் பெடியன்கள் சிலர் அதை வைத்துத்தான் டொச் படித்தார்கள். நம் பக்கத்தில் பாரதி 1920 இலேயே தன் புத்தகங்கள் மண்ணெண்ணெய், தீப்பெட்டியை விடச் சாதாரணமாக விலைப்படும் என்று கனவு கண்டார். அடுத்த ஆண்டு அவரே போய்விட்டார். அவர் கவிதைகளைச் சக்தி வை. கோவிந்தன் ஒன்றரை ரூபாய்க்குக் கொடுத்தது 1957 இல். அதற்குள் பாரதி நூல்களின் உரிமை அரசு வழியாகப் பொதுமக்களுக்கு வந்திருந்தது. சங்க நூலுக்கு அந்தச் சிக்கலே இல்லை, கபிலரின் வாரிசு வழக்குப் போடப் போவதில்லை!

ஆனால் ராஜம் குறைத்தது காசு விலையை மட்டுமல்ல. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஏட்டுச் சுவடியில் புள்ளியும் இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இல்லை. அச்சுக்கு வந்த பிறகும் செய்யுளைச் சீர் பிரித்துத்தான் போட்டார்கள். சீர் என்பது ஓசையின் அளவு, சொல்லின் அளவல்ல. ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் வால் அடுத்த சீரிலும் கிடக்கும். அதற்கு மேல் புணர்ச்சி வேறு. நானே ஒரு வசனம் கட்டிக் காட்டுகிறேன்: "அவனங்கிருந்தானென்றெண்ணினேன்". இதைப் பார்த்ததும் பலருக்குத் தலை சுற்றும். "அவன் அங்கு இருந்தான் என்று எண்ணினேன்" என்று பிரித்துப் போட்டால் பத்து வயதுப் பிள்ளையும் வாசிக்கும். ராஜம் குழுவினர் செய்தது இதைத்தான், ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு, சந்தியைப் பிரித்து, நிறுத்தக் குறிகளும் இட்டு. அச்சுக் கூலியை விட, கடதாசியை விட, பெரிய செலவு இதுவாகத்தான் இருந்திருக்கும். அறிஞர்களின் ஆண்டுக் கணக்கான உழைப்பு.

இதில் இழப்பும் உண்டு, மறைக்கக் கூடாது. சொல் பிரித்தால் யாப்பு கலைந்துவிடும், வாய்விட்டுப் படித்தால் ஓசை தடக்கும். இன்னொன்று, பிரிப்பவர் நமக்காக ஒரு முடிவு எடுத்துவிடுகிறார். "வேங்கை" என்பது மரமா, விலங்கா, வேகும் கையா? நன்னூல் இதற்குப் பொதுமொழி என்று பெயரே வைத்திருக்கிறது. பிரித்து அச்சிட்டவுடன் ஒரு வழி திறக்கிறது, மற்றது அடைபடுகிறது. எங்கள் ஊர்ப் பண்டிதர்கள் முகம் சுளித்தது முழுக்க முழுக்கப் பொறாமையால் மட்டும் என்று இப்போது நான் சொல்ல மாட்டேன். அவர்கள் மரபும் சின்ன மரபல்ல. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை சிறுப்பிட்டிக்காரர். செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, சொந்தச் செலவில் நட்டப்பட்டு அவர் காப்பாற்றிக் கொடுத்திராவிட்டால் ராஜத்துக்குப் பிரிப்பதற்கு எதுவும் இருந்திராது. ஆனாலும் அந்தப் பதிப்புகள் படித்தவன் படித்தவனுக்குக் கொடுத்தவை. கிளாக்கரிடம் வந்து சேர எழுபது ஆண்டு பிடித்தது.

பெட்டியின் மேல்பாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுபது எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் என்னவென்று விளக்கத் தேவையில்லை. மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் எல்லாம் ஒரு சினிமா ரிக்கற் காசுக்குக் கிடைத்த காலம். தஸ்தயேவ்ஸ்கியை நான் முதலில் வாசித்தது ரா. கிருஷ்ணையாவின் தமிழில், வெண்ணிற இரவுகள். அன்று இரவு நித்திரை கொள்ளவில்லை. தத்துவ நூல்களோ வேறு கதை. விலை மலிவு, கட்டடம் உறுதி, தமிழ் கருங்கல். வாசிப்பு வட்டத்தில் ஒரு பந்தியை வைத்துக்கொண்டு நாலு பேர் ஒரு மணித்தியாலம் முழிப்போம், கடைசியில் யாராவது ஆங்கிலப் பிரதி தேடிப் போவான். மலிவு வேறு, எட்டுவது வேறு என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். 1991 இல் சோவியத் யூனியன் கலைந்ததும் அந்தப் புத்தகங்களின் வரவும் நின்றது.

இனிப் போன மாதத்துக் கதை. என் மகள் இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பத்து வருடம் கொண்டுபோய் விட்டோம். பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எந்த விழா மேடையிலும் அந்த 192 ஆவது பாட்டைச் சொல்கிறார்களே, மற்ற 399 இல் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். (நானூறும் இல்லை, இரண்டு பாட்டுத் தொலைந்துவிட்டது என்றேன். அது அவளுக்கு இன்னும் பிடித்துப் போனது.) இணையத்தில் தேடி, உ. வே. சாமிநாதையர் 1894 இல் பதிப்பித்த புத்தகத்தின் ஸ்கானை இறக்கினாள். ஒரு சதம் செலவில்லை. அரை மணித்தியாலம் கழித்து மடிக்கணினியோடு குசினிக்கு வந்தாள்.

"அப்பா, இதில ஒரு சொல் எங்க முடியுது?"

நான் இரண்டு வரி பிரித்துக் காட்டினேன், மூன்றாவதில் எனக்கே தடக்கியது. அகராதி பாரேன் என்றேன். மதராஸ் பல்கலைக்கழகத்து லெக்சிகன் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. அவள் திருப்பிக் கேட்டாள்: "சொல் எங்க தொடங்குது எண்டே தெரியாட்டி எதைத் தேடுறது?"

சரியான கேள்வி. ஆறு பெருந்தொகுதியும் ஓர் அனுபந்தமும் கொண்ட அகராதி கைக்குள் கிடந்தும், சொல்லின் எல்லை தெரியாதவருக்கு அது பூட்டிய வீடு. பெட்டியிலிருந்த புறநானூற்றைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதே பாட்டு, பிரித்த வடிவில். ஒவ்வொரு சொல்லாக லெக்சிகனில் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். ஒரு பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம். அன்று இரவு படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: 1926 முதல் 1936 வரை அந்த லெக்சிகனின் பதிப்பாசிரியராக இருந்தவர் இதே வையாபுரிப் பிள்ளைதான். அகராதி செய்த மனிதர், பிறகு அகராதியைத் திறக்க வழி செய்யும் பதிப்புக்கும் கை கொடுத்திருக்கிறார். பெரியப்பாவிடம் லெக்சிகன் இருக்கவில்லை, அதன் விலைக்கு அவர் எங்கே போவது! அவரிடம் இருந்தது ஒரு சின்னக் கையகராதியும் முற்றத்துக் கதிரையும்தான்.

ஐயாவின் மகனின் தொலைபேசி எண்ணைக் கட்டட அலுவலகத்தில் கேட்டு வாங்கி, புத்தகங்கள் என்னிடம் இருக்கின்றன என்று சொன்னேன். "வைச்சிருங்கோ அண்ணை, எங்களுக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். அவர் குரலில் வெட்கம் இருந்தது. ஐயாவிடம் ஒரு தரம் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மகளும் வருகிறேன் என்கிறாள். ஒன்பதாம் பாட்டில் ஐயா பென்சிலால் ஒரு பிரிப்பை அடித்துவிட்டு ஓரத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறாராம். ஏன் என்று அவரிடமே கேட்க வேண்டுமாம்.