வறுமையை ஒழித்துவிட்டதாக முன்கூட்டியே எழுதிய வேட்பாளர்

(இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்குக் கதை ஒரு சின்னப் புத்தகத்தில் ஆரம்பிக்குது. 64 பக்கம்தான். 1933-ல் வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'கலிபோர்னியா கவர்னராகிய நான் வறுமையை ஒழித்த விதம்'. அதுக்குக் கீழே, 'எதிர்காலத்தின் உண்மைக் கதை' என்று ஒரு வரி.

வேடிக்கை என்னன்னா, எழுதினவர் அப்போ கவர்னரே இல்லை. வேட்பாளரா நிற்கப் போறார், அவ்வளவுதான். ஜெயிச்சு, வறுமையை ஒழிச்சு, வேலை முடிஞ்சதுன்னு வீட்டுக்குப் போன மாதிரி முன்கூட்டியே எழுதிட்டார். நம்ம ஊர்த் தேர்தல் அறிக்கை எல்லாம் 'செய்வோம்' என்று முடியும். இவருடையது 'செய்தேன்' என்று முடிந்தது.

அவர் பெயர் அப்டன் சிங்க்ளேர். நாவலாசிரியர். சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அசிங்கத்தை 1906-ல் 'தி ஜங்கிள்' என்ற நாவலில் எழுதி, நாட்டையே முகம் சுளிக்க வைத்தவர். அதே வருஷம் அமெரிக்காவில் உணவுச் சுத்தம் பற்றிய சட்டங்கள் வந்ததுக்கு அந்த நாவலும் ஒரு காரணம். இன்னொரு விஷயம், அமெரிக்காவில் மாநில கவர்னர் என்பவர் நம்ம ஆளுநர் மாதிரி இல்லை. மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். கிட்டத்தட்ட நம்ம முதல்வர் மாதிரின்னு வெச்சுக்கலாம்.

அழுகிய ஆரஞ்சும் பூட்டிய ஆலையும்

1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. 1933-ல் அந்த நாட்டில் வேலையில் இருந்தவர்கள், வேலை தேடியவர்கள் எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால், ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. கலிபோர்னியாவில் தோட்டத்தில் பழம் இருந்தது. பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டாததால் அது அப்படியே அழுகியது. ஆலைகளில் மெஷின் இருந்தது, கதவில் பூட்டும் இருந்தது. வெளியே அந்த மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் இலவச சூப்புக்கு வரிசையில் நின்றார்கள்.

நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஒரு பக்கம் சர்வர் எல்லாம் சும்மா இருக்கு. இன்னொரு பக்கம் லட்சக்கணக்கில் ரிக்வெஸ்ட் க்யூவில் நிக்குது. நடுவில் ஏதோ ஒண்ணு அறுந்துபோச்சு.

அந்த அறுந்த இடத்தைச் சில சாதாரண மனிதர்கள் தாங்களே ஒட்டிப் பார்த்தார்கள். 1932-ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் காம்ப்டன் என்ற ஊரில், வேலையில்லாதவர்கள் தோட்டங்களுக்குப் போய் வேலை செய்து, கூலிக்குப் பதிலாகக் காய்கறி வாங்கி வந்தார்கள். இப்படிப்பட்ட கூட்டுறவுக் குழுக்கள் கலிபோர்னியா முழுக்கப் பரவின. சிங்க்ளேருக்கு யோசனை கிடைத்தது இங்கிருந்துதான். இதை ஒரு மாநில அரசே முன்நின்று செய்தால் என்ன?

திட்டம் என்ன?

பெயர், 'எண்ட் பாவர்ட்டி இன் கலிபோர்னியா'. சுருக்கமாக எபிக். சும்மா கிடக்கும் நிலத்தை அரசு எடுத்து, வேலையில்லாதவர்களை அங்கே பயிர் செய்ய வைக்கும். மூடிய ஆலைகளை வாடகைக்கோ விலைக்கோ எடுத்து, அவர்களையே ஓட்ட வைக்கும். அவர்கள் செய்வதை அவர்களே தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். அதற்காக மாநிலமே ஒரு டோக்கன் பணம் அச்சடிக்கும். 60 வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு மாதம் 50 டாலர் பென்ஷன். விற்பனை வரியை எடுத்துவிட்டு, அதிகம் சம்பாதிக்கிறவர்களிடம் அதிக வருமான வரி. லாபத்துக்காக இல்லாமல் உபயோகத்துக்காக உற்பத்தி என்பதுதான் இதன் மையக் கருத்து.

இதே சிங்க்ளேர் 1930-ல் சோஷலிஸ்ட் கட்சி சார்பில் கவர்னர் தேர்தலில் நின்றபோது சுமார் 50,000 ஓட்டு வாங்கினார். இந்த முறை கட்சி மாறி ஜனநாயகக் கட்சிக்கு வந்தார். 1934 ஆகஸ்ட் 28-ல் நடந்த உட்கட்சித் தேர்தலில் 4,36,000-க்கு மேல் ஓட்டு. பெரிய கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் ஆகிவிட்டார். அந்த ராத்திரி கலிபோர்னியாப் பணக்காரர்கள் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று தெரியாது.

சினிமாக்காரர்கள் எடுத்த செய்திப் படம்

அடுத்து நடந்ததுதான் இந்த எபிசோடைப் பண்ண வெச்சது.

கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்று இரண்டு பேர். 1933-ல்தான் 'கேம்பெயின்ஸ் இங்க்' என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். தேர்தல் பிரசாரத்தையே தொழிலாக எடுத்து நடத்திய முதல் கம்பெனி என்று பல வரலாற்றாசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். சிங்க்ளேரின் நாவல்களைத் தூசு தட்டி எடுத்து உட்கார்ந்து படித்தார்கள். நாவலில் ஒரு கதாபாத்திரம் கல்யாணத்தைத் திட்டுதா? அதை வெட்டி, சிங்க்ளேரே சொன்ன மாதிரிப் போட்டார்கள். 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' பத்திரிகை இப்படிப்பட்ட வரிகளை முதல் பக்கத்தில் பெட்டி கட்டித் தினமும் போட்டது.

ஹாலிவுட்டும் சேர்ந்தது. பல ஸ்டூடியோக்களில் ஊழியர்களின் ஒரு நாள் சம்பளம் எதிர் வேட்பாளர் ஃபிராங்க் மெரியமின் தேர்தல் நிதிக்குப் போனது. எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இர்விங் தால்பெர்க் தலைமையில் செய்திப் படம் மாதிரியே சின்னச் சின்னப் படங்கள் தயாராயின. நல்லா உடுத்தின, மரியாதையான ஆட்கள் மெரியமுக்கு ஓட்டு என்பார்கள். அழுக்குச் சட்டைக்காரர் சிங்க்ளேருக்கு என்பார். சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு நாடோடிகள் கலிபோர்னியாவுக்குள் கும்பலாக வந்து இறங்குவது போலக் காட்சிகள். தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னாடி இதைப் பார்த்தவர்களுக்கு எது நிஜம், எது நடிப்பு என்று எப்படித் தெரியும்?

அந்த ரயில் காட்சிக்கு விதை போட்டதும் சிங்க்ளேர்தான். நான் ஜெயித்தால் நாட்டில் வேலையில்லாதவர்களில் பாதிப் பேர் இங்கே வந்துவிடுவார்கள் என்ற அர்த்தத்தில் நிருபர்களிடம் பேசிவிட்டார். பாதி விளையாட்டு, பாதி கவலை. தன் வாயால் தானே கெட்டார்.

அதிபர் ரூஸ்வெல்ட் கைகொடுப்பார் என்று நம்பினார். செப்டம்பரில் நேரில் சந்தித்தும் பேசினார். ஆனால் ஆதரவு என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை.

நவம்பர் 6 வாக்குப்பதிவு. மெரியமுக்கு 11,38,000-க்கு மேல். சிங்க்ளேருக்கு 8,79,000-க்கு மேல். மூன்றாவதாக நின்ற ரேமண்ட் ஹெய்ட்டுக்கு 3,02,000-க்கு மேல்.

யாரும் கேட்காத கேள்வி

இதோட கதையை முடிச்சு, நல்லவர் தோத்தார், கெட்டவங்க ஜெயிச்சாங்கன்னு சொல்லிடலாம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஏன்னா அந்தத் திட்டத்தில் நிஜமாவே ஓட்டைகள் இருந்தன.

முதல் ஓட்டை அந்த டோக்கன் பணம். மாநிலங்கள் இப்படிப் பணப் பத்திரம் வெளியிடக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே இருக்கு. மிசௌரி மாநிலம் அப்படி ஒண்ணு பண்ணி, 1830-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதனால் எபிக் பணம் கோர்ட்டுக்குப் போயிருந்தால் நிற்பது கஷ்டம். அடுத்து, ஆலையை ஓட்ட வெளி மாநிலத்திலிருந்து பருத்தியோ இரும்போ வாங்கணும். அந்த வியாபாரி டோக்கனை வாங்கிப்பாரா? டாலர்தான் கேட்பார். அந்த டாலர் எங்கிருந்து வரும்? பென்ஷனுக்கு வரி வருமானம் போதுமா?

ஒரு டெவலப்பரா நான் கோட் ரிவ்யூவில் உட்கார்ந்தா இதைத்தான் கேட்பேன். கேட்டிருந்தால் சிங்க்ளேர் பதில் சொல்லத் திணறியிருப்பார். இல்லைன்னா திட்டத்தைத் திருத்தி, இன்னும் நல்லதா ஆக்கியிருப்பார். இரண்டுமே ஜனங்களுக்கு லாபம்தான். எதிர்த்தரப்பில் சிலர் கணக்குப் பேசத்தான் செய்தார்கள். ஆனால் தியேட்டர் திரையில் கணக்கு இல்லை, நாடோடிதான் இருந்தான். திட்டத்தைப் பற்றிப் பேசினால், 'சரி, பூட்டின ஆலைக்கும் பசிக்கும் உங்க பதில் என்ன?' என்று அடுத்த கேள்வி வரும். ஆளைப் பற்றிப் பேசினால் அது வராது.

இங்கே நானும் ஒண்ணு ஒத்துக்கணும். ஒரு தேர்தல் சமயத்தில், ஒரு வேட்பாளர் ஏதோ அசட்டுத்தனமாப் பேசுற மாதிரி ஒரு வீடியோவை எங்க ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணேன். நல்லாச் சிரிச்சோம். அப்புறம்தான் தெரிஞ்சது, முன்னும் பின்னும் வெட்டின துண்டு அது. அந்த வேட்பாளர் என்ன வாக்குறுதி கொடுத்தார்னு எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் சேர்த்துத்தான். 1934-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவரைவிட நான் புத்திசாலின்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

தோற்ற பிறகு

ஆள் தோற்றார், ஆனால் அவர் கிளப்பிய விஷயம் ஓயவில்லை. எபிக் ஆட்கள் சிலர் அதே 1934 தேர்தலில் மாநிலச் சட்டசபைக்குப் போனார்கள். அதில் ஒருவரான கல்பர்ட் ஓல்சன் 1938-ல் கவர்னராகவே ஜெயித்தார். சிங்க்ளேரைத் தோற்கடித்த மெரியமே 1935-ல் கலிபோர்னியாவின் முதல் மாநில வருமான வரிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்து, வயதானவர்களுக்கு உதவி என்பதைத் தேசிய அளவில் கொண்டுவந்தது. அது எபிக்கால் மட்டும் வந்தது இல்லை. முதியோர் பென்ஷனுக்காக டவுன்செண்ட் என்ற டாக்டர் நடத்திய பெரிய இயக்கமும் இருந்தது. ஆனால் 8,79,000 ஓட்டை எந்த அரசியல்வாதி கணக்கில் எடுக்காமல் இருப்பார்?

விட்டேக்கரும் பாக்ஸ்டரும் கூடச் சும்மா இருக்கவில்லை. 1940-களின் கடைசியில் அதிபர் ட்ரூமன் தேசிய மருத்துவக் காப்பீடு கொண்டுவர முயன்றபோது, மருத்துவர் சங்கத்துக்காக அதை எதிர்த்துப் பிரசாரம் நடத்தியது இவர்கள்தான். அந்தத் திட்டமும் நிறைவேறவில்லை.

சிங்க்ளேர் அடுத்த வருஷமே, தான் எப்படித் தோற்றேன் என்று இன்னொரு புத்தகம் எழுதினார். இந்த முறை நிஜமாவே உண்மைக் கதை.

அடுத்த தேர்தலுக்கு யாராவது வறுமையை ஒழிக்கிறேன்னு ஒரு அறிக்கையோட வருவாங்க. பணம் எங்கிருந்து வரும்னு தாராளமாக் கேளுங்க, விடாதீங்க. ஆனா அதைக் கேட்க அந்த அறிக்கையை முதலில் திறந்து படிச்சிருக்கணும். நான் இன்னும் ஒண்ணைக்கூட முழுசாப் படிச்சதில்லை. இந்த முறை படிக்கிறதா இருக்கேன்.