வண்டல் அனுமதி பிறந்த கதை

சேலம், நாமக்கல் பக்கத்துச் செம்மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்துவிடும். ஏரி வண்டல் உருண்டையாக நிற்கும். மழைநீரோடு இறங்கிய களியும் மக்கும் ஏரியில் படிந்ததுதான் வண்டல். கோடையில் ஏரி வற்றியதும் அதை வெட்டி வந்து, மேட்டுக்காட்டில் கும்பி கும்பியாகக் கொட்டி, மழைக்கு முன் உழுது கலப்பார்கள். மரவள்ளிக் காட்டுக்கு இது மிகவும் அவசியம். கிழங்கு சாம்பல் சத்தை ஏராளமாக இழுக்கும். பிடுங்கும்போது மேல்மண்ணும் புரண்டு, அடுத்த மழைக்கு அரித்துப் போகும்.

1959-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி ஏரி மண்ணும் அனுமதி பெற்றே எடுக்க வேண்டிய பொருள். மண் கொள்ளையைத் தடுக்க அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் தன் காட்டுக்கு வண்டல் கேட்ட விவசாயியும் அதில் சிக்கினார்.

வழி திறந்தது வறட்சியால். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஏரிகள் வெடித்துக் கிடந்த 2017 கோடையில் விதி திருத்தப்பட்டது. ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90 கன மீட்டர் வண்டலை விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான கனம் வரும். அந்த ஆண்டு மே மாதம் மேட்டூர் அணையிலும் தூர்வாரத் தொடங்கினார்கள். 1934-ல் அணை திறந்த பிறகு அதுதான் முதல் முறை. 2024-ல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று நடைமுறை எளிதானது.

ஒரு விதியைத் திருத்தியதில் இவ்வளவு நடந்தது. ஆனாலும் இது பாதி வேலைதான். இந்தப் பகுதியில் ஓடும் திருமணிமுத்தாற்றில் சாயக்கழிவும் சாக்கடையும் கலக்கின்றன. அந்தத் தண்ணீர் பாயும் ஏரிகளின் வண்டலை அப்படியே வயலில் கொட்டினால், வளத்தோடு நஞ்சும் சேரும். பரிசோதித்த வண்டல்தான் வயலுக்குப் போக வேண்டும் என்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.

நீர் மாசைத் தடுக்க 1974-லும் காற்று மாசைத் தடுக்க 1981-லும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. மண்ணுக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை; அது வேண்டும். மேல்மண்ணை விற்பதற்கு வரம்பு, கழிவைக் கொட்டுபவருக்குத் தண்டனை, மண்ணைப் பரிசோதித்துத் தேற்றும் விவசாயிக்கு ஊக்கத்தொகை ஆகிய மூன்றும் அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு இன்னொரு வறட்சி வரும்வரை காத்திருக்கக் கூடாது.