பாலைவனப் பயண ஊர்தியில் எரிபொருளும் எடைப் பங்கீடும்

பாலைவனப் பயண ஊர்தியில் எடைப் பங்கீடு என்பது, சாலையற்ற தொலைதூர நிலங்களைக் கடப்பதற்காக மாற்றியமைக்கப்பட்ட நான்கு சக்கர இயக்க ஊர்தியில் எரிபொருள், நீர், உணவு, கருவிகள் ஆகியவற்றை எவ்வளவு ஏற்றுவது, எங்கே வைப்பது என்பவற்றை முன்கூட்டியே கணக்கிட்டு முடிவு செய்யும் முறையாகும். எரிபொருள் தீர்ந்தால் ஊர்தி நடுவழியில் நின்றுவிடும். அதற்கு அஞ்சி அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு, ஸ்பிரிங், அடிச்சட்டம் ஆகியவற்றுள் ஒன்று முறிந்து, அப்போதும் ஊர்தி நடுவழியில்தான் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் கண்டறிவதே இத்திட்டமிடலின் நோக்கம். இக்கட்டுரை ஆஸ்திரேலியாவின் சிம்சன் பாலைவனக் கடப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

நிலமும் தடமும்

சிம்சன் பாலைவனம் தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வட ஆட்புலம் ஆகிய மூன்று நிர்வாகப் பகுதிகளில் ஏறத்தாழ 1,76,500 சதுர கிமீ பரப்பில் விரிந்துள்ளது. இங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகள் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, ஒன்றுக்கொன்று இணையாக நீண்டு கிடக்கின்றன. மேற்கே மவுண்ட் டேர் என்னும் இடத்துக்கும் கிழக்கே பேர்ட்ஸ்வில் என்னும் சிற்றூருக்கும் இடையே, பிரெஞ்சுத் தடம் வழியாக ஏறத்தாழ 500 கிமீ தொலைவுக்கு எரிபொருள் கிடைக்காது. 1960களில் எண்ணெய் வளம் தேடிய பிரெஞ்சு நிறுவனம் ஒன்றால் அமைக்கப்பட்டமையால் இத்தடம் அப்பெயர் பெற்றது.

மேற்குப் பகுதியில் குன்றுகள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் உள்ளன. கிழக்கே செல்லச் செல்ல அவை உயர்ந்து, இடைவெளியும் கூடுகிறது. பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிமீ தொலைவில் உள்ள "பிக் ரெட்" என்னும் குன்று சுமார் 40 மீட்டர் உயரமுடையது. கடும் வெப்பம் காரணமாகத் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியிலுள்ள பூங்கா ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடப்படுகிறது.

வரலாறு

இப்பாலைவனத்தின் தொல்குடிகளான வங்கங்குரு மக்கள் "மிகிரி" எனப்படும் ஆழமான ஊற்றுக் கிணறுகளை ஆங்காங்கே தோண்டி, அவற்றைச் சார்ந்து வாழ்ந்தனர். நீர் இருக்கும் இடங்களை அறிந்திருந்ததால் அதனைப் பெருமளவில் சுமந்து செல்லும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. 1936இல் டெட் கோல்சன், பீட்டர் ஐன்ஸ் என்னும் தொல்குடி வழித்துணைவருடன் ஒட்டகங்களில் இப்பாலைவனத்தைக் கடந்தார். 1939இல் சிசில் மாடிகன் தலைமையிலான அறிவியல் குழுவும் ஒட்டகங்களிலேயே கடந்தது. 1962இல் நிலவியலாளர் ரெஜ் ஸ்பிரிக், தம் குடும்பத்தினருடன் நிசான் பேட்ரோல் ஊர்தியில் கடந்ததே முதல் மோட்டார் ஊர்திக் கடப்பாகக் கருதப்படுகிறது.

பாலைவன ஊர்திகளில் சுமையைத் திட்டமிடும் நுட்பம் அதற்கு முன்னரே வட ஆப்பிரிக்காவில் வளர்ந்திருந்தது. ரால்ஃப் பேக்னோல்ட் 1940இல் எகிப்தில் உருவாக்கிய பிரித்தானியப் படைப்பிரிவு, தன் செவ்ரொலே சரக்குந்துகளின் கதவுகளையும் கூரையையும் முன்கண்ணாடியையும் கழற்றி எடையைக் குறைத்தது. அவ்வாறு மிச்சமான எடைக்கு ஈடாக எரிபொருளும் நீரும் ஏற்றப்பட்டன. அக்காலப் பிரித்தானிய எரிபொருள் தகரங்கள் எளிதில் ஒழுகின. செருமானியர் உருவாக்கிய 20 லிட்டர் எஃகுக் கலன் ஒழுகாமல் உறுதியாக இருந்ததால், பிரித்தானியர் அதனைப் பின்பற்றித் தாமும் தயாரித்தனர். செருமானியரைக் குறிக்கும் படைவீரர் வழக்குச் சொல்லான "ஜெரி" என்பதிலிருந்தே "ஜெரிக்கேன்" என்னும் பெயர் அதற்கு ஏற்பட்டது.

எடை வரம்புகள்

ஒவ்வோர் ஊர்திக்கும் மூன்று வரம்புகளைக் கவனிக்க வேண்டும்.

- மொத்த எடை வரம்பு: ஊர்தி, பயணிகள், எரிபொருள், சுமை அனைத்தும் சேர்ந்து இருக்கக்கூடிய பெரும எடை.
- அச்சுச் சுமை வரம்பு: முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே தாங்கக்கூடிய பெரும எடை.
- கூரைச் சுமை வரம்பு: கூரையின்மீது ஏற்றக்கூடிய பெரும எடை. கரடுமுரடான தடங்களுக்குத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த அளவையே அனுமதிக்கின்றனர்.

மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று ஊர்தியின் எடையைக் கழித்தால் ஏற்றக்கூடிய சுமை கிடைக்கும். இங்கு ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஆஸ்திரேலிய விதிகளின்படி வெற்று எடை இரு வகைகளில் குறிக்கப்படுகிறது. ஒன்று முழுத் தொட்டி எரிபொருளுடன் கூடியது. மற்றொன்று 10 லிட்டர் எரிபொருளுடன் மட்டும் கூடியது. தொட்டி 130 லிட்டர் கொள்ளளவுடையதாயின் இவ்விரண்டுக்கும் இடையே 120 லிட்டர் டீசல், அதாவது ஏறத்தாழ 100 கிகி வேறுபாடு உண்டு. எந்த எடை என்று பாராமல் கணக்கிடுபவர் தொடக்கத்திலேயே 100 கிகி பிழை செய்துவிடுவார்.

எரிபொருள் கணக்கு

டீசலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.84 கிகி, பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.75 கிகி, நீரின் அடர்த்தி 1 கிகி. எனவே 100 லிட்டர் டீசல் 84 கிகி எடையுள்ளது.

எரிபொருள் தேவையை நெடுஞ்சாலைச் செலவைக் கொண்டு மதிப்பிடுதல் தவறாகும். மணலில் சக்கரம் உருள்வதற்கான தடை மிகுதி. ஊர்தி தாழ்ந்த கியரில் நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, சாலையில் 100 கிமீக்கு 14 லிட்டர் செலவிடும் ஒரு டீசல் ஊர்தி மணலில் 22 லிட்டர் செலவிடுவதாகக் கொள்ளலாம்.

- தடத்தின் நீளம் 500 கிமீ. தேவை 110 லிட்டர்
- வழி மாறுதல், மீண்டும் மீண்டும் குன்றேறுதல், திரும்பிச் செல்லுதல் ஆகியவற்றுக்கான சேமிப்பு 30 விழுக்காடு, 33 லிட்டர்
- மொத்தத் தேவை 143 லிட்டர்

130 லிட்டர் தொட்டியுள்ள ஊர்திக்கு இதன்படி ஒரேயொரு 20 லிட்டர் ஜெரிக்கேன் போதுமானது. கணக்கிடாமல் அச்சத்தினால் நான்கு கலன்களைக் கூரையில் ஏற்றுபவர், தேவையற்ற 60 கிகிக்கும் மேற்பட்ட எடையைச் சுமப்பதோடு, அவ்வெடையை ஏற்றிச் செல்லவும் எரிபொருளைச் செலவிடுகிறார். மறுபுறம், பெட்ரோல் ஊர்திகளுக்கு மணலில் தேவை இதைவிடக் கணிசமாகக் கூடுதலாகும். ஆதலால் மற்றோர் ஊர்தியின் அளவைப் பின்பற்றாமல், அவரவர் ஊர்தியை முழுச் சுமையுடன் மணலில் ஓட்டி அளந்து பார்ப்பதே நம்பத்தக்க வழியாகும்.

எடைப் பட்டியல்

மொத்த எடை வரம்பு 3,300 கிகி, முழுத் தொட்டியுடன் வெற்று எடை 2,400 கிகி கொண்ட ஊர்தி ஒன்றைக் கருதுவோம். ஏற்றக்கூடிய சுமை 900 கிகி. இருவர் ஐந்து நாள் பயணம் செய்வதற்கான பட்டியல் பின்வருமாறு அமையலாம்.

- பயணிகள் இருவர்: 160 கிகி
- முன்புற எஃகுத் தடுப்பும் வின்ச்சும்: 100 கிகி
- பின்புறச் சரக்குப் பெட்டி: 180 கிகி
- இரண்டாம் மின்கலமும் குளிர்பெட்டியும்: 70 கிகி
- நீர், ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர்: 60 கிகி
- ஒரு ஜெரிக்கேன் டீசல்: 21 கிகி
- மீட்புக் கருவிகள்: 40 கிகி
- இரண்டாவது மாற்றுச் சக்கரம்: 40 கிகி
- கருவிகளும் உதிரிப் பாகங்களும்: 40 கிகி
- உணவு, சமையல் பொருட்கள், உடை, படுக்கை: 100 கிகி

இவற்றின் கூட்டுத்தொகை 811 கிகி. எஞ்சுவது 89 கிகி மட்டுமே. இதன்மேல் 60 கிகி எடையுள்ள கூரைக் கூடாரமும் 80 கிகி எடையுள்ள பின்புறத் தடுப்பும் சேர்க்கப்பட்டால் சுமை 951 கிகி ஆகி, வரம்பை 51 கிகி மீறிவிடும். பட்டியலின் பெரும்பகுதி உணவோ நீரோ அல்ல, நிலையாகப் பொருத்தப்பட்ட துணைக்கருவிகளே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. வரம்பை மீறும்போது முதலில் குறைக்க வேண்டியவையும் அவையே. நீரைக் குறைத்தல் கூடாது.

முன்பின் பங்கீடு

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் பின் அச்சு மட்டும் தன் வரம்பை மீறக்கூடும். இதற்கு நெம்புகோல் தத்துவமே காரணம். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் சுமை, பின் அச்சைத் தன் எடையைவிட அதிகமாக அழுத்தி, முன் அச்சைத் தூக்குகிறது.

அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் 3.0 மீட்டர் எனக் கொள்வோம். 150 கிகி சுமையைப் பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் வைத்தால், திருப்புத்திறன் கணக்கின்படி பின் அச்சுச் சுமை 210 கிகி கூடும். முன் அச்சுச் சுமை 60 கிகி குறையும். அதே சுமையைப் பின் அச்சுக்கு 0.3 மீட்டர் முன்னால் வைத்தால் பின் அச்சுக்கு 135 கிகி, முன் அச்சுக்கு 15 கிகி என்றவாறு பகிர்ந்து இறங்கும். பொருள் மாறவில்லை, இடம் மாறியதாலேயே பின் அச்சில் 75 கிகி வேறுபாடு ஏற்படுகிறது. முன் சக்கரங்களின் மேலுள்ள எடை குறைந்தால் திசைதிருப்பலும் தடுப்பாற்றலும் குன்றும்.

எனவே நீர்த் தொட்டி, மின்கலம், கருவிப் பெட்டி முதலிய கனமான பொருட்கள் இரு அச்சுகளுக்கும் இடையில், இருக்கைகளின் பின்புறத்தை ஒட்டித் தாழ்வாக வைக்கப்படுகின்றன. படுக்கை, உடை முதலிய இலேசான பொருட்களே பின்கோடியிலும் மேலேயும் வைக்கத் தக்கவை. இடம் வலம் சமநிலையும் பேணப்பட வேண்டும்.

உயரம்

சாய்வான தளத்தில் ஊர்தி கவிழாமல் நிற்கும் எல்லைக்கோணம் அதன் சக்கர இடை அகலத்தையும் ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் பொறுத்தது. அகலம் 1.5 மீட்டர், ஈர்ப்பு மைய உயரம் 0.75 மீட்டர் எனில், ஊர்தியை விறைப்பான பொருளாகக் கருதும்போது எல்லைக்கோணம் 45 பாகை. 3,000 கிகி எடையுள்ள அவ்வூர்தியின் கூரையில், தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் 100 கிகி ஏற்றினால் எல்லைக்கோணம் ஏறத்தாழ 43.4 பாகையாகக் குறையும். இக்குறைவு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் நடைமுறையில் ஸ்பிரிங்குகள் சாய்வின் பக்கமாக அமுங்கி ஈர்ப்பு மையத்தை மேலும் வெளியே தள்ளுகின்றன. மணல் சரிவதும் திடீர்த் திருப்பமும் சேரும்போது, கணக்கிட்ட கோணத்தைவிட மிகக் குறைந்த சாய்விலேயே ஊர்தி கவிழக்கூடும்.

அடிச்சட்ட முறிவு

இரட்டை அறையுடைய சரக்கு ஊர்திகளில், ஓட்டுநர் அறைக்கும் சரக்குப் பெட்டிக்கும் இடையே அடிச்சட்டம் வளைவதும் விரிசலுறுவதும் அறியப்பட்ட குறைபாடாகும். பின் அச்சுக்குப் பின்னால் நீளும் சுமை, ஒவ்வொரு பள்ளத்திலும் சட்டத்தைக் கீழ்நோக்கி வளைக்கிறது. மீண்டும் மீண்டும் இவ்வாறு நேர்வதால் உலோகம் களைப்புற்று முறிகிறது. தாழ்ந்துபோன பின்புறத்தை உயர்த்தக் காற்றுப்பைகளைப் பொருத்துவோர் உண்டு. இவை ஊர்தியைச் சமமாக நிற்கச் செய்யுமேயன்றி எடை வரம்பை உயர்த்துவதில்லை. பட்டை ஸ்பிரிங் இரு முனைகளில் சட்டத்தைத் தாங்குகிறது. காற்றுப்பையோ அச்சுக்கு மேலுள்ள ஒரே புள்ளியில் சுமையின் பெரும்பகுதியைச் செலுத்துகிறது. இதனால் வளைவுத் தகைவு கூடவும் வாய்ப்புண்டு.

எரிபொருளை வைக்கும் முறை

- அடிச்சட்டத்துக்குக் கீழே, அச்சுகளுக்கு இடையில் பொருத்தப்படும் தொட்டியே சிறந்த இடமாகும். பெரிய தொட்டிகளில் எரிபொருள் அலைபாய்வதைத் தடுக்க உள்தடுப்புகள் இருத்தல் வேண்டும்.
- ஜெரிக்கேனில் உள்ள எரிபொருளை, முதன்மைத் தொட்டியில் இடம் ஏற்பட்டவுடன் ஊற்றிவிடுதல் நல்லது. எடை தாழ்வான இடத்துக்கு மாறுவதோடு ஒழுகும் இடரும் நீங்கும்.
- வெப்பத்தால் எரிபொருள் விரிவடையும் என்பதால் கலன்களை விளிம்புவரை நிரப்பலாகாது.
- பெட்ரோல் கலன்களைப் பயணிகள் அறைக்குள் வைக்கலாகாது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

செல்லும் திசையும் எடையும்

மேற்கிலிருந்து கிழக்காகக் கடப்பது எளிதெனக் கருதப்படுகிறது. குன்றுகளின் கிழக்குச் சரிவுகள் செங்குத்தாகவும் மேற்குச் சரிவுகள் சற்றுத் தாழ்ந்தும் இருப்பது இதற்கு முதற்காரணம். எடைக் கணக்கும் இதற்குத் துணைநிற்கிறது. மேலே கண்ட ஊர்தி, பயண முடிவில் ஏறத்தாழ 110 லிட்டர் டீசலையும் 60 லிட்டர் நீரையும் இழந்து 150 கிகி வரை இலேசாகிவிடும். உயர்ந்த குன்றுகள் கிழக்கே இருப்பதால், ஊர்தி மிக இலேசாக இருக்கும்போதே அவற்றை ஏறுகிறது.

சரிபார்த்தல்

பட்டியல் எவ்வளவு கவனமாகத் தயாரிக்கப்பட்டாலும், புறப்படுமுன் பயணிகளுடனும் முழுச் சுமையுடனும் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது இன்றியமையாதது. முழு ஊர்தியையும், பின்னர் முன் அச்சை மட்டும், பின் அச்சை மட்டும் என மூன்று முறை எடை பார்க்கப்படுகிறது. வரம்பை மீறிய ஊர்தி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படவும் கூடும். எடைமேடையில் பிழை தெரிந்தால் பொருளை இறக்கிவைக்க வழியுண்டு. குன்றுகளுக்கு நடுவே தெரியவந்தால் அவ்வழி இல்லை.