மண் கிளறும் இயந்திரமும் மண்ணில்லாத தோட்டங்களும்

தோட்டம் என்னும் சொல் இலங்கைத் தமிழரிடையே மூன்று பொருள்களில் வழங்குகிறது. யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு அது வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளையும் செம்மண் நிலம். மலையகத் தொழிலாளிக்கு அது கம்பெனியின் ஆட்சிக்குட்பட்ட தேயிலைச் சரிவு. அவன் பிறக்கும் லயமும் அவனைப் புதைக்கும் மண்ணும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. கொழும்பு நகரத்து ஏழைக்கோ தோட்டம் என்பது சிங்களத்தில் 'வத்தை' எனப்படும் குடியிருப்பு. ஒரு பொதுக் குழாயைச் சுற்றி வரிசையாக நெருங்கி நிற்கும் அறைகளின் கூட்டம். இரயில் எஞ்சின் கொட்டகைகளுக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட தெமட்டகொடையில் உழைக்கும் மக்கள் பலருக்குத் தெரிந்த தோட்டம் இந்த மூன்றாவது வகையே. மண் அற்றுப்போன பின்னரும் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் தோட்டம் அது.

வீட்டுத் தோட்டத்துக்கென ஒரு சிறிய மின்சார மண்கிளறி இன்று சந்தையில் கிடைக்கிறது. ஓராள் தூக்கக்கூடிய எடை. ஆயிரம் அல்லது ஆயிரத்தைந்நூறு வாட் மோட்டார். அதன் அச்சில் நான்கு அல்லது ஆறு வளைந்த கத்திகள். கத்திகள் சுழன்று மண்ணைச் சுமார் எட்டு அங்குல ஆழம்வரை கிளறிப் பொலபொலப்பாக்குகின்றன. மண்வெட்டியால் அரைநாள் கொத்தவேண்டிய பாத்தியை இவ்வியந்திரம் சிறிது நேரத்தில் பதப்படுத்தித் தருகிறது. மனிதனின் முதுகெலும்புக்கு ஓய்வு தரும் எந்தக் கருவியையும் நாம் வரவேற்கவே கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் மண் கிளறும் கருவிகளின் வரலாறு நம்மிடம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. கிளறப்படும் மண் யாருடையது? மிச்சப்படும் உழைப்பின் பயன் யாரைச் சேர்கிறது? மண்ணுக்கு உண்மையில் எவ்வளவு கிளறல் வேண்டும்?

இந்த வரலாறு மண்வெட்டியிலிருந்து தொடங்குகிறது. தமிழனின் மண்வெட்டி 'மமொட்டி' என்று திரிந்து வெள்ளைத் துரைமாரின் ஆங்கிலத்திலேயே குடியேறிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து நடந்து வந்த கூலிமக்கள் காடழித்து, குழி தோண்டி, முதலில் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நட்டது இக்கருவியால்தான். அதற்குத் துணையாக வந்த கருவி ஒன்றுண்டு. களையைச் செதுக்கி எடுக்கும் அதன் பெயர் சுரண்டி. தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு புல்கூட இருக்கலாகாது என்பது அன்றைய துரைமாரின் விதி. புல்லோடு மேல்மண்ணும் சுரண்டப்பட்டது. அடுத்த மழையில் அது ஆற்றோடு போயிற்று. மலைமண்ணின் அழிவை ஆராயக் குடியேற்ற அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1951ஆம் ஆண்டு மண் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. சுரண்டி என்ற கருவியையும் சுரண்டல் என்ற சமூக நோயையும் ஒரே வேரிலிருந்து பெயரிட்டது நம் மொழி. மலைநாட்டில் மண்ணுக்கும் மனிதனுக்கும் நேர்ந்த கதி ஒன்றே என்பதால் அப்பொருத்தம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது.

ஐரோப்பாவில் வேறொரு சிந்தனை வளர்ந்தது. மண்ணை எவ்வளவு நுண்ணிதாக உடைக்கிறோமோ அவ்வளவுக்குப் பயிர் செழிக்கும் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் ஜெத்ரோ டல் போதித்தார். மண்ணின் நுண்துகள்களையே வேர்கள் உண்கின்றன என அவர் நம்பினார். அந்நம்பிக்கை தவறென்று பிற்காலத்து இரசாயனம் காட்டிவிட்டது. என்றாலும் மண்ணைப் பொடியாக்கும் ஆசை போகவில்லை. 1910ஆம் ஆண்டை ஒட்டிச் சுவிட்சர்லாந்தின் கொன்ராட் வொன் மேயன்பூர்க் சுழலும் கத்திகளாலான மண்கிளறியை ஆக்கினார். அதன் உரிமையை ஜேர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் பெற்றுத் தொழிற்சாலைப் பண்டமாக்கியது. ஏறத்தாழ அதே காலத்தில், 1912இல், அவுஸ்திரேலியாவின் கில்கண்ட்ரா ஊரில் கிளிஃபோர்ட் ஹவர்ட் என்ற இளைஞர் தம் தந்தையின் பண்ணையில் சுழல் கத்திகளைச் சோதித்தார். 1920இல் காப்புரிமை பெற்றார். இன்றைய சிறிய மின்சாரக் கருவி இவர்களது இயந்திரங்களின் வழித்தோன்றலேயாகும்.

இலங்கையிலும் இவ்வரலாற்றுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. கேம்பிரிட்ஜில் பொறியியல் கற்ற ரே விஜேவர்த்தன 1950களின் நடுப்பகுதியில் சிறு விவசாயிக்கென இரு சக்கரக் கை உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அது இங்கிலாந்தில் 'லாண்ட்மாஸ்டர்' என்ற பெயரில் உற்பத்தியாயிற்று. நம் வயல்வெளிகளில் அப்பெயர் கை உழவு இயந்திரத்தின் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. பின்னர் யப்பானிய இயந்திரங்களும் வந்தன. எருமை பூட்டிய ஏர் மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. அவ்வியந்திரத்தை ஆக்கியவரே அதை ஐயத்தோடு நோக்கலானார். நீர் இயந்திரமயமாக்கியது விவசாயத்தையா, எருமையையா என்ற வினா வெளிநாட்டு மேடையொன்றில் தம்மிடம் எழுப்பப்பட்டதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. 1970களில் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், உழாமலே பயிரிடும் முறைகளில் அவர் ஈடுபட்டார். இலங்கை திரும்பிய பின்னரும், 2010இல் மறையும் வரை, மண்ணை மூடாக்கால் காப்பதையும், கிளிசரியா வேலிகளுக்கிடையே பயிரிட்டு அவற்றின் தழையை உரமாக்குவதையும் அவர் வலியுறுத்தி வந்தார்.

அந்த வினாவின் பொருளை நாம் ஆழ்ந்து நோக்கவேண்டும். எருமை உழுதது மட்டுமன்று. எரு தந்தது, பால் தந்தது, கன்று ஈன்றது. அது புரளும் குட்டையில் கோடையிலும் மீனும் தவளையும் உயிர் பிழைத்தன. புல்லைத் தின்று உழைத்த அந்த விலங்கின் இடத்தில், எண்ணெயை விலைக்கு வாங்கி உழைக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரம் கன்று ஈனாது. அது பழுதடைந்தால் உதிரிப்பாகம் கடல் கடந்து வரவேண்டும். விவசாயி முதுகு நிமிர்ந்தான் என்பது உண்மை. அவன் கடன்காரனானான் என்பதும் பல ஊர்களில் உண்மை. இயந்திரத்தின் மீது இதற்குப் பழி சுமத்துவது பேதைமை. அதை யார் உடைமையாக்கிக்கொண்டு யாருக்கு வாடகைக்கு விட்டனர் என்பதிலேயே விடை இருக்கிறது.

மண்ணின் விஞ்ஞானமும் இங்கு சில பேசவேண்டியிருக்கிறது. நல்ல மண் வெறும் பொடியன்று. அது சிறுசிறு உருண்டைகளாக ஒட்டி நிற்பது. அவ்வுருண்டைகளை மக்கிய தழையும் நுண்ணுயிர்களும் மண்புழுக்களும் பிணைக்கின்றன. மண்புழு தன் வாழ்நாளெல்லாம் உழுகிறது என்பதை டார்வின் 1881இலேயே ஒரு நூலாக எழுதி விளக்கினார். சுழல் கத்தி முதல்நாள் மண்ணை அழகாகக் கிளறும். அடிக்கடி கிளறினால் அப்பிணைப்பு அறுந்து, பெருமழைக்குப் பின் மேற்பரப்பு ஓடுபோல் இறுகும். ஈரம் மிகுந்த மண்ணில் ஓட்டினால் கத்தி எட்டாத ஆழத்தில் ஒரு கெட்டிப் படை உருவாகும். கோரை நிறைந்த பாத்தியில் ஓட்டினால் அதன் கிழங்குகள் சிதறி, ஒரு கோரை பலவாகும். அமெரிக்கச் சமவெளிகளில் 1930களில் எழுந்த புழுதிப் புயல்களும், சோவியத் ஒன்றியத்தில் 1954இல் தொடங்கிய கன்னிநில இயக்கத்துக்குப் பின் கஸாக்ஸ்தானில் நேர்ந்த மண்ணரிப்பும், அளவிறந்த உழவுக்கு எந்த ஆட்சி முறையும் விதிவிலக்கல்ல எனக் காட்டின. குறளின் உழவு அதிகாரம் புழுதி உணங்க உழுவதைப் போற்றுகிறது. அடுத்த குறளிலேயே ஏருக்கு மேலாக எருவை வைக்கிறது. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் பூவரசங்குழையை மண்ணுக்குள் தாட்டுக் கொத்தும்போது அந்த ஞானத்தையே கைக்கொள்கிறான்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு தெமட்டகொடைக்கு வருவோம். 'கொட' என்ற சிங்கள ஈறு மேட்டு நிலத்தைச் சுட்டும். 'தெமட்ட' குமிழ் இனத்து மரம். மரமும் மேடும் பெயரில் நிலைத்திருக்கின்றன. சுற்றிலும் இருந்த சதுப்பு நிலம் இடிபாட்டுக் கல்லாலும் குப்பையாலும் நிரப்பப்பட்டது. அத்தகைய நிலத்தில் சிறிய மண்கிளறியின் கத்தி முதல் சுற்றிலேயே செங்கல் துண்டிலும் கம்பியிலும் மோதும். துறைமுகமும் கோப்பி, தேயிலை வணிகமும் வளர்ந்த காலத்தில், செல்வர் வளவுகளுக்குள் வாடகைக்கென அறை வரிசைகள் எழுந்தன. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொழும்பு மாநகரில் வறியோர் குடியிருப்புகள் 1,614 எனவும், அவற்றில் ஏறத்தாழ 77,000 குடும்பங்கள் வாழ்ந்தன எனவும் தெரியவந்தது. 1973ஆம் ஆண்டு, கம்யூனிஸ்ட் கட்சியின் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது வந்த வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம், வாடகைக் குடியினர் பலருக்குத் தாம் வாழ்ந்த வீட்டுக்கே உரிமையாளராகும் வழியைத் திறந்தது. அது பெரிய வெற்றியே. ஆனால் அறைக்கு வெளியே பயிரிட மண் எஞ்சியிருக்கவில்லை. 2001இல் அயலிலுள்ள வனாத்தமுல்லையில் 'சஹஸ்புர' அடுக்குமாடி எழுந்தது. பின்னர் தெமட்டகொடையிலும் அடுக்குமாடிகள் உயர்ந்தன. குடிசையில் இருந்தவளுக்கு வாசலில் ஒரு முருங்கைக்காவது இடமிருந்தது. பத்தாம் மாடியில் இருப்பவளுக்கு ஜன்னல் விளிம்பே நிலம்.

உணவு நெருக்கடி வரும்போதெல்லாம் ஆள்வோர் தோட்டம் செய்க என்று மக்களுக்கு உபதேசிப்பது வழக்கம். 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது பங்கீட்டு முறையும் உணவு உற்பத்திப் பிரசாரமும் வந்தன. 1970களின் முற்பகுதியில் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாவது கட்டுப்படுத்தப்பட்டபோது, நிலமும் கிணறும் உடைய யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தலை நிமிர்ந்தான். அதே ஆண்டுகளில், பிறர் நிலத்தில் உழைத்த மலையகத் தொழிலாளி பட்டினியால் மடிந்தான். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது, விளைச்சல் சரிந்தது. 2022 ஜூன் மாதத்தில், வீட்டுத் தோட்டம் செய்வதற்கென அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளிக்க அமைச்சரவை முடிவு செய்தது. விடுமுறை கொடுத்தவர்கள் நிலம் கொடுக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரத்தை எட்டியிருந்தது. பெற்றோல் வரிசைகள் தெருத் தெருவாக நீண்டன. மின்சார மண்கிளறி வைத்திருந்தவனும் மண்வெட்டியையே தேட நேர்ந்த காலம் அது.

இவற்றோடு இன்னொரு கொடுமையையும் சேர்த்து எண்ணவேண்டும். நகரத்துச் சமையலறைகளிலும் சந்தைகளிலும் அன்றாடம் கழிக்கப்படும் காய்கறித் தோலும் மீன்கழிவும் மண்ணுக்குச் சேரவேண்டிய உணவு. அது மண்ணுக்குச் சேரவில்லை. தெமட்டகொடைக்கு அருகே கொலன்னாவைப் பகுதியில், மீதொட்டமுல்லையில், ஏனைய கழிவுகளோடு மலையாகக் குவிந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து 30 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பாத்தியில் கறுத்த எருவாகியிருக்கக்கூடியது ஏழைகளின் கூரைகள்மீது வீழ்ந்து கொன்றது. எருவுக்கும் மண்ணுக்கும் உழைப்பவனுக்கும் இடையிலான தொடர்பைத் திட்டமற்ற நகரம் எப்படி அறுத்துவிடுகிறது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

எனவே மின்சார மண்கிளறியை நாம் நிராகரிக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைக்கிறோம். இறுகிய மண்ணைப் பண்படுத்தும் முதல் உழவுக்கு அது நல்ல துணை. கல்லும் கம்பியும் பொறுக்கி, பிடித்த மண் கையில் ஒட்டாது உதிரும் பதத்தில், மின்கம்பி கத்திக்கு எட்டாதவாறு பின்னால் விட்டு, ஒருமுறை ஓட்டினாற் போதும். அதன்பின் மக்கிய எருவும் மூடாக்கும் மண்புழுவும் தம் பணியைச் செய்யட்டும். ஆண்டில் சில நாட்களே பயன்படும் கருவியை வீட்டுக்கு வீடு வாங்கச் சொல்வது வியாபாரியின் கணக்கு. பாடசாலையும் குடியிருப்போர் சங்கமும் அதைப் பொதுவில் வைத்துக்கொள்வதே உழைப்பவரின் கணக்கு.

ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைத் தம் பாடசாலை வளவிலிருந்தே தொடங்கலாம். மண்ணின் விஞ்ஞானத்தைக் கரும்பலகையில் மட்டும் கற்பியாமல் ஒரு பாத்தியிலும் கற்பிக்கலாம். அத்தோடு, நகரத் திட்டங்கள் வரையப்படும்போது அடுக்குமாடிகளின் அடியில் வாகனத் தரிப்பிடத்துக்கு ஒதுக்கப்படும் நிலத்தில் ஒரு பங்கு பயிருக்கும் எருக்குழிக்கும் ஒதுக்கப்படவேண்டும் என்ற கோரிக்கையையும் எழுப்பவேண்டும். ஓர் அடுக்குமாடிக்கு ஓர் இயந்திரம் போதும். ஆனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாத்தி மண் வேண்டும். அது கிடைக்கும் நாளிலேயே தெமட்டகொடையின் தோட்டங்கள் தம் பெயரின் பொருளை மீண்டும் பெறும்.