குதிரைவாலிக்கு மருந்து இல்லையாம்!

ஆயுத பூஜை லீவுக்கு திருமங்கலம் பக்கம் மாமா ஊருக்குப் போயிருந்தேன். உரக்கடையில மாமா கேட்டார், "தம்பி, குதிரைவாலியில புல்லு மண்டிக் கிடக்கு. களை மருந்து இருக்கா?" கடைக்காரர் சிரிச்சுட்டார். "நெல்லுக்குன்னா தர்றேன்ணே. இதுக்கு அடிச்சா புல்லோட சேந்து பயிரும் போயிரும்."

பொட்டி தட்டுற நமக்கு இது புதுசு. களையை மட்டும் கொல்ற மருந்துக்குப் பயிர் எதுன்னு எப்படித் தெரியும்? தேட ஆரம்பிச்சேன்.

கதை 1940-ல் இங்கிலாந்தில் தொடங்குது. ஐ.சி.ஐ. கம்பெனியின் டெம்பிள்மன், செடி வளர்ச்சி ஊக்கி ஒன்றை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார். ஓட்ஸ் பிழைத்தது, கூடவே வளர்ந்த காட்டுக்கடுகு செத்தது. போர்க்காலம் என்பதால் ஆய்வெல்லாம் ரகசியம். 1945-ல் அதே வகை மருந்தான 2,4-டி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அகல இலைச் செடிகள் சாகும். கோதுமை, சோளம் மாதிரி புல் இனப் பயிர்கள் தப்பிக்கும்.

சரி, களையும் புல்லாவே இருந்தா? நெல் வயலின் பெரிய எதிரியே குதிரைவாலிப் புல்தான். 1960-களின் தொடக்கத்தில் புரோபனில் வந்தது. அதை உடைத்துச் செரிக்கும் நொதி நெல் இலையில் ஏராளம், அந்தப் புல்லில் ரொம்பக் குறைவு. நெல் பிழைத்தது, புல் கருகியது. பிறகு பூட்டாகுளோர் மாதிரி இன்னும் பல மருந்துகள்.

இங்கதான் மாமா மாட்டிக்கிட்டார். அவர் பயிரிடுற குதிரைவாலி, அதே களையின் வீட்டுப் பிள்ளை! நெல்லைக் காப்பாத்த அந்தக் குடும்பத்தையே குறிவைச்ச மருந்து, இவர் பயிரை மட்டும் விட்டுவைக்குமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. நம்ம நாட்டில் 1968-ம் வருஷப் பூச்சிமருந்துச் சட்டப்படி, மருந்தை எந்தப் பயிருக்குன்னு சொல்லித்தான் பதிவு செய்யணும். அதுக்குச் சோதனை, செலவு எல்லாம் இருக்கு. நெல்லுக்குக் கோடிக்கணக்கான ஏக்கர் சந்தை. குதிரைவாலிக்கு எந்தக் கம்பெனி மெனக்கெடும்?

2023-ஐ உலகமே சிறுதானிய ஆண்டாக் கொண்டாடுச்சு. நாமளும் சூப்பர் மார்க்கெட்ல பாக்கெட் வாங்கினோம். மாமா தோட்டத்துல மறுநாள் ஆறு பெண்கள் நாள் முழுக்கக் குனிஞ்சு களை எடுத்தாங்க. எது புல், எது பயிர்னு அவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியுது.

உங்க ஊர்ப் பக்கம் எப்படி மக்களே?