மருதனார்மடத்துக் கோடையும் ஒரு செம்புத் தண்ணீரும்

கடந்த ஆனி மாதத்தில் ஒரு நாள், கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த பள்ளித் தோழர் ஒருவருடன் மருதனார்மடம் சந்தியில் நின்றுகொண்டிருந்தேன். சோளகக் காற்று செம்மண் புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. சந்தைக்கு வெளியே ஒரு பெண் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். தோழர் ஒன்றை வாங்கி, பெருவிரலால் நோண்டிக் குடித்து, சாறு முழங்கையால் வழிய, "எல்லாம் அப்பிடியே இருக்கு" என்றார். அடுத்த நிமிடமே எதிரிலிருந்த கடைக்குப் போய் ஒரு போத்தல் தண்ணீர் வாங்கி வந்து கை கழுவினார், மிகுதியைக் குடித்தார்.

அவர் சொன்னது பாதி உண்மை. மறுபாதி அந்தப் போத்தலில் இருந்தது. அதைப் பற்றி எழுதவேண்டும் என்று அன்றே தோன்றியது.

30 ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் நான். ஊர்கள் பெயர்ந்ததற்கும் உயிர்கள் போனதற்கும் தேதி எழுதிப் பழகியவன். ஆனால் கோடை நாளில் ஐஸ்பழ வண்டியின் மணி என்று நின்றது, துலாவின் கிறீச்சொலி என்று ஓய்ந்தது என்று எவரும் செய்தி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அவற்றுக்கும் தேதிகள் உண்டு என்பதை இப்போதுதான் உணர்கிறேன்.

முதலில் எங்கள் ஊரின் பெயரைப் பார்ப்போம். யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியில் வடக்கே ஏறத்தாழ 5 மைல் தொலைவில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில் இருப்பது மருதனார்மடம். வெளியூரார் பலருக்கு இது சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்களுக்காக நிறுவிய இராமநாதன் கல்லூரியின் ஊர். ஆனால் பெயரிலே நிற்பது மடம். கந்தர்மடம், ஓட்டுமடம், ஆறுகால்மடம் என்று குடாநாட்டில் மடத்தின் பெயரால் வழங்கும் இடங்கள் பல. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி, தாகம் தீர்த்து, இரவு தங்கிப் போவதற்காக ஊரவர் கட்டிவைத்தவை மடங்கள். பக்கத்தில் கிணறோ கேணியோ இருக்கும். தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி இருக்கும். மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கும். மாவிட்டபுரத்துக்கும் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கும் நடந்தும் வண்டியிலும் போனவர்களுக்கு எங்கள் ஊர் ஏறத்தாழ பாதி வழி.

இத்தகைய அறங்கள் இங்கே பெருகியதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கிறது. ஆண்டு முழுவதும் நாம் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தப் படையிலிருந்துதான். ஆகவே இங்கே தண்ணீர் கொடுப்பது வெறும் உபசாரமன்று. தன் பங்கிலிருந்து ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுப்பது.

என் சிறு பராயத்துக் கோடைகள் 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. அந்நாளைய இன்பங்கள் பெரும்பாலும் காசில்லாதவை. வைகாசியில் நுங்கு. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்கும் நாளில் வீடு முழுவதும் வைக்கோலும் மாம்பழமும் கலந்த மணம். ஆடிப்பிறப்பன்று பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்த கூழ். அதைப் பலாவிலையைக் கோலிக் குடிப்போம். கோயில் திருவிழாக்களின்போது வீதியோரத் தண்ணீர்ப்பந்தல்களில் சர்க்கரைத் தண்ணீரும், மோரும், தேசிக்காய் ஊறுகாயைக் கரைத்த தண்ணீரும் கிடைக்கும். யார் பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை. மதியம் இரண்டு மணியளவில் சைக்கிளில் பெட்டி கட்டிய ஐஸ்பழக்காரர் மணியடித்து வருவார். அது ஒன்றுக்குத்தான் காசு தேவைப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் மேலானது கிணற்றடி. 1950களிலும் 60களிலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்துவிட்டன என்றாலும், எங்கள் வீட்டுக் கிணற்றில் துலா இருந்தது. அந்திக்கு முன் அப்பா துலாக்கொடியை இழுத்து வாளி வாளியாக வார்க்க, நாங்கள் வரிசையாகக் குந்தியிருப்போம். கிணற்றுக்கட்டில் அம்மாவின் பித்தளைச் செம்பு எந்நேரமும் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். வீதியால் போகிறவர் படலையைத் திறந்து வந்து, தாமே அள்ளிக் குடித்து, செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகலாம். மடம் இருந்த இடத்தை அறியாத எனக்கு, மடம் என்றால் என்னவென்று காட்டியது அந்தச் செம்புதான்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் நின்றது, அதோடு ஐஸ்பழ மணியும் எங்கள் ஒழுங்கையில் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. தணலில் சுட்டுச் சுவைத்த பனம்பழம் துணி துவைக்கும் களியாயிற்று. எண்ணெய் இல்லாமல் இயந்திரங்கள் ஓய்ந்ததால், கைவிட்ட துலாக்களைச் சிலர் மறுபடியும் கட்டினர். பனைகளோ பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாக வீழ்ந்துகொண்டிருந்தன. விதை போட்ட பனை நுங்கு தருவதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் செல்லும். ஒரு பனையைத் தறித்தால் ஒரு தலைமுறையின் கோடையும் அதோடு போய்விடும்.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்த நெரிசலைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் நினைவில் வைத்திருப்பது வேறொன்று. படலையைச் சாத்திய பிறகு அம்மா திரும்பிப் போனார். எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கிணற்றுக்கட்டில் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். "ஆரும் தண்ணி விடாய்ச்சு வந்தால்?" என்றார்.

1996 மே மாதத்தில் திரும்பி வந்தோம். கூரையில் பாதி இல்லை. கதவுகள் இல்லை. துலா சரிந்து கிடந்தது. செம்பைக் காணவில்லை. கூரைக்காக அழாத அம்மா செம்பைத் தேடிக் காணி முழுவதும் அலைந்தார். இழப்புகளைக் கணக்கெடுத்த படிவத்தை நான்தான் நிரப்பினேன். கதவு, யன்னல், ஓடு எல்லாம் எழுதினேன். செம்பை எழுத எனக்கு வெட்கமாயிருந்தது. அந்த வெட்கத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போரின் மீது எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. 2002 இல் ஏ9 பாதை திறந்தபின் பொருள்கள் வந்து குவிந்தன. மின்சார நீர்ப்பம்பியை விசைப்பலகையில் தட்டினால் தண்ணீர் வந்தது; துலாவை மறுபடி நிறுத்தவேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. துலாவால் இறைத்தவன் கை சலித்தபோது நிறுத்தினான். பம்பிக்குக் கை சலிப்பதில்லை. நன்னீர்ப் படை மெலிந்தால் உவர்நீர் மேலெழும் என்பதும், செம்மண்ணில் அளவுக்கு மீறி இட்ட உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கும் என்பதும் தெரிந்துகொண்டே நாம் செய்தவை.

பின்னர், 2014 இன் இறுதியிலும் 2015 இன் தொடக்கத்திலும், சுன்னாகத்தைச் சூழ்ந்த ஊர்களில் கிணற்று நீரில் எண்ணெய் மிதக்கிறது என்று மக்கள் வீதிக்கு வந்தனர். அங்கே மின்நிலையத்தை இயக்கிய நிறுவனம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டும் என்று 2019 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கள் கிணற்றில் எண்ணெய் தெரியவில்லை. ஆனால் அச்சம் வந்துவிட்டது. அம்மாவின் இறுதிக் கோடை அது. மருந்து குடிக்கப் போத்தல் தண்ணீர் வாங்கி வந்தேன். விலையைக் கேட்டவர், "தண்ணிக்கும் காசோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார். வாழ்நாளெல்லாம் வழிப்போக்கருக்குத் தண்ணீர் வைத்தவர் கேட்ட கேள்வி அது. என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்று சந்தியிலிருந்து தோழரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். கிணற்றைக் கண்டதும் "ஒரு வாய் குடிக்கட்டோ?" என்றார். தயங்கினேன். "குடியாதை, குளி" என்றேன். வாளியால் அள்ளித் தலையில் வார்த்துக்கொண்டார். 40 ஆண்டுகளுக்கு முன் குந்தியிருந்த அதே இடம். குளிர்ந்த நீர் பட்டதும் சிறு பிள்ளைபோலச் சத்தமிட்டார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

உலகின் எந்த மூலையில் இருந்து இதைப் படிக்கிறீர்களோ, உங்கள் வீட்டுக் கோடையிலிருந்தும் இப்படி ஏதாவது ஒன்று போயிருக்கும். அது எந்த ஆண்டு என்று முதியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். சிறிய பொருள் என்று வெட்கப்படாதீர்கள். நான் இங்கே, மிகவும் தாமதமாக, எழுதிக்கொள்கிறேன்: பித்தளைச் செம்பு ஒன்று, மருதனார்மடம், 1995.