அரக்கு, நாடா, ஒப்பாரி: கேட்டவர்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

மதுரையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. பத்துக்குப் பத்து இடம். எண்பதுகளின் கடைசியில் தொடங்கிப் பல வருஷம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஐந்தாறு பேர் அங்கே கூடுவோம். ஒருவர் மில் தொழிலாளி, ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். பேச்சு எப்போதும் சாமானில்தான் தொடங்கும்.

"அண்ணே, 4440 போர்டுல ஹம் போகவே மாட்டேங்குது."

"எர்த்தையெல்லாம் ஒரே பாயிண்ட்டுல கொண்டாந்து பத்த வையி. டிரான்ஸ்பார்மரத் தள்ளி வச்சுப் பாரு."

வூஃபரை எந்த அளவு மண்பானையில் கவிழ்த்தால் பாஸ் கும்மென்று வரும் என்பதில் ஒரு மணி நேரம் போகும். அங்கிருந்து இளையராஜா. அங்கிருந்து சினிமா. 1967 ஜனவரியில் எம்.ஆர். ராதா சுட்டதற்கு முந்தைய எம்.ஜி.ஆர். குரல், பிந்தைய எம்.ஜி.ஆர். குரல், எந்தப் படத்தில் எது என்று சண்டை வரும். பத்தரை மணி வாக்கில், யாரும் இழுத்துவராமலே, பேச்சு செத்துப்போனவர்களிடம் வந்து நிற்கும். 'எங்கப்பாவுக்கு இந்தப் பாட்டுன்னா உசுரு' என்று ஒருவர் ஆரம்பிப்பார். மற்றவர்கள் சும்மா இருப்போம். குடித்ததெல்லாம் டீதான்.

சாமான் பேச்சு ஏன் சாவுப் பேச்சில் போய் முடிகிறது? இதை வெறும் ஆம்பளைகளின் மனநெகிழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. இதற்கொரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு கம்பெனிகளின் பக்கத்திலிருந்தும் பாடகர்களின் பக்கத்திலிருந்தும் எழுதப்பட்டிருக்கிற அளவுக்கு, கேட்டவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்படவில்லை.

2

எடிசன் 1877இல் ஃபோனோகிராஃபைச் செய்தார். மறுவருஷம் ஓர் அமெரிக்க இதழில் அது எதற்கெல்லாம் பயன்படும் என்று பட்டியல் போட்டார். முதலிடம் கடிதம் எழுதுவதற்கு. சங்கீதம் நாலாவது. ஐந்தாவது 'குடும்பப் பதிவு': வீட்டாரின் நினைவுகளையும் சாகப்போகிறவர்களின் கடைசி வார்த்தைகளையும் அவரவர் குரலிலேயே பிடித்துவைப்பது. ஆக, பிறந்தபோதே இந்தக் கருவி சாவின் பக்கத்தில்தான் நிறுத்தப்பட்டது.

நம் வீடுகளுக்குள் வந்த நாய்ப்படத்தை நினைத்துப் பாருங்கள். நிப்பர் என்கிற அந்த நாயின் எஜமானர் 1887இல் இறந்துபோனார். நாய் அவருடைய தம்பி பிரான்சிஸ் பரோவிடம் வந்தது. 1895இல் அதுவும் செத்தது. அதற்குப் பிறகே பரோ அந்தப் படத்தை வரைந்தார். முதலில் அதிலிருந்தது சிலிண்டர் இயந்திரம். 1899இல் கிராமபோன் கம்பெனி வாங்கியபோது அதன்மேல் தட்டு இயந்திரத்தை வரைந்து கொடுத்தார். செத்த நாய் ஒன்று குழாய்க்குள் எஜமானின் குரலைக் கேட்கிற படம் உலகத்தின் மிகப்பெரிய வணிக முத்திரைகளில் ஒன்றானது. துக்கம் சரக்காக மாறிய கணம் இது. அந்தக் குரலுக்கு 'எஜமான்' என்கிற பெயரே வாய்த்தது தற்செயலா என்பதை வாசகர் யோசிக்கலாம்.

3

தட்டு எதனால் ஆனது? அரக்கு. கல்மாவும் கரியும் கலந்த அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் பூச்சி கசியவிட்ட பிசின். உலகத்துக்குத் தேவைப்பட்ட அரக்கில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் ஆதிவாசிகள் சேகரித்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் வரத்து சுருங்கியதும், 1942இல் அமெரிக்க அரசு ரெக்கார்டுகளுக்கான அரக்கைக் குறைத்தது. கரூசோவின் குரலும் கௌஹர் ஜானின் குரலும் ஏறி உட்கார்ந்த பொருளைக் கிளைகிளையாக ஒடித்துச் சுரண்டியவர்களின் குரல் அந்தத் தட்டுகளில் எத்தனையில் இருக்கிறது? சேகரிப்பாளர்களின் பட்டியல்களில் மேட்ரிக்ஸ் எண் இருக்கும், லேபிளின் நிறம் இருக்கும். இந்தக் கேள்வி இருக்காது.

1902இல் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. குழாய்க்கு முன் பாடினால் குரல் போய்விடும், ஆயுள் குறைந்துவிடும் என்று வித்வான்கள் பலர் தயங்கிய காலம். அப்போது முன்வந்து பாடியவர்களில் சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம், கோயமுத்தூர் தாயி போன்ற பெண்கள் உண்டு. சபைகளின் மரியாதைப் பட்டியலிலிருந்து பின்னால் ஓரம் கட்டப்பட்ட மரபின் பெண்கள். மூணு நிமிஷத் தட்டு அவர்களைக் காப்பாற்றி வைத்தது. சபா வரலாறு காப்பாற்றவில்லை.

இன்னொரு கதை. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்தார். எந்தப் பேசும்படத்திலும் அவர் இல்லை. மேடை நாடகம் மேடையோடு போயிற்று. மிஞ்சியது ரெக்கார்டுகளில் இருக்கும் குரல்தான். கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்றிருந்தார். 1935இல் நந்தனாராக, ஆண் வேஷத்தில், திரையில் வந்தார். கிட்டப்பாவுக்குப் பின் 47 வருஷம் வாழ்ந்து 1980இல் இறந்தார். அந்த 47 வருஷமும் ஒரு செத்த மனிதனின் குரல் ஊரெங்கும், யார் யாரோ சாவி கொடுத்த பெட்டிகளில் பாடிக்கொண்டிருந்தது. புருஷன் செத்தால் குரல் நின்றுவிடும் என்பதுதான் அதுவரை உலகத்துப் பெண்களுக்குத் தெரிந்தது. நிற்காத குரலோடு வாழ்ந்த முதல் தலைமுறை விதவைகளில் அவர் ஒருவர். நம் துக்கத்தின் இலக்கணம் இங்கே மாறுகிறது. இதை எந்த இசை வரலாறும் கணக்கில் எடுத்ததில்லை.

4

பொழுதுபோக்காகச் சாமான் சேர்க்கிறவர்களின் வரலாறும் இங்கே பழசுதான். 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலைக் கடைசியில் ஒலிபரப்பு. ஆர்வலர்கள் கூடிச் செய்தது, சர்க்கார் செய்ததில்லை. பணமுடையில் 1927இல் நின்றுபோக, டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். 1930இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கி மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலி வந்தது.

மேற்கே ஆடியோ பிரியன் என்றால் தனி அறை, தனி நாற்காலி, இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஒரே ஓர் ஆள். நம் ஊரில் கேட்பது கூட்டத்தில்தான் நடந்தது: டீக்கடை, ரெக்கார்டிங் சென்டர், கல்யாண வீட்டுப் பந்தலில் புனல் ஸ்பீக்கர். 'திருவிளையாடல்' (1965) வசனத்தை ஒரு தடவைகூடப் படம் பார்க்காதவர்கள் மனப்பாடமாகச் சொன்னது இப்படித்தான்.

ஆனால் 'கூட்டம்' என்றவுடன் புளகாங்கிதப்பட வேண்டியதில்லை. புனலின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதிகாரம். ஊர்த்திருவிழாவில் சேரிப்பக்கம் குழாய் கட்டுவதா வேண்டாமா, சேரித் திருவிழாவில் எந்தப் பாட்டுப் போடலாம், எந்தப் பாட்டுப் போட்டால் கல் வரும் என்பதெல்லாம் மைக் செட்காரருக்குத் தெரியும். 'தேவர் மகன்' (1992) பாட்டு ஒன்று சாதிப் பெருமைப் பாட்டாக எப்படி ஊர் ஊராகச் சுற்றியது என்பது நாம் அறிந்ததே. எங்கள் கடைக்கு வருகிற மைக் செட்காரர் சொல்வார்: "பாட்டு ஒன்னுதாம்ண்ணே. எந்தத் தெருவுல போடுறோம்ங்கறதுல இருக்கு வெட்டும் குத்தும்."

5

1963இல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டை வெளியிட்டது. வளைகுடாவுக்குப் போனவர்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன்களோடு எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் அது நம் வீடுகளுக்குள் வந்தது. தட்டுக்கும் நாடாவுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. தட்டை நாம் கேட்க மட்டுமே முடியும். நாடாவில் நாமும் பேசலாம். எழுதத் தெரியாத தாய் துபாயிலிருக்கிற மகனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பினாள். எடிசன் பட்டியலின் முதல் வரி, நூறு வருஷம் கழித்து எழுத்தறியாதவர்களின் கையில் நிறைவேறியது.

யாழ்ப்பாணத்தில் 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பேட்டரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவும் கேசட்டும் கேட்டார்கள். ஒருவர் சுற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். 'ஹை-ஃபை' பற்றிய எந்தக் கையேட்டிலும் இந்தச் சர்க்யூட் இல்லை.

அந்த மைக் செட்காரருக்கு வருவோம். அவருடைய அம்மா ஒப்பாரி பாடுகிறவர். ஊரார் வீட்டு எழவுக்கெல்லாம் தெருவில் நின்று அழுதவர். உள்ளே கூப்பிட மாட்டார்கள். 1986 வாக்கில், அண்ணன் அனுப்பிய டூ-இன்-ஒன்னில் ஒரு சி-60 கேசட் முழுக்க அம்மாவைப் பாடவைத்துப் பதிந்தார். மறுவருஷம் அம்மா இறந்துவிட்டார். அடுத்த முகூர்த்த சீசனில் காலி கேசட் கிடைக்காமல் அதன்மேலேயே சினிமாப் பாட்டுப் பதிந்துவிட்டார். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னக் காதுகள் இருக்கும். அதை ஒடித்துவிட்டால் மேலே பதிய முடியாது. அவர் ஒடித்து வைக்கவில்லை.

"வேற யாரும் அழிக்கல. நான்தான் அழிச்சேன்."

இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்தபின் நாலு நிமிஷ நாடா மிஞ்சியது. அதில் அம்மா இருக்கிறார். வருஷக்கணக்காக அவர் எங்களிடம் ஹெட் அலைன்மெண்ட் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். பாஸும் ட்ரெபிளும் அவருக்குப் பிரச்னையே இல்லை. அந்தப் பழைய மெஷினின் ஹெட் கொஞ்சம் கோணல். ஆகவே சரியாக ஸ்க்ரூ வைத்த எந்த டெக்கிலும் அம்மாவின் குரல் துணியில் பொத்தின மாதிரி மங்கிக் கேட்கும். ஸ்க்ரூவைத் திருகி, இந்த ஹெட்டையும் அதே அளவு கோணலாக்கினால்தான் குரல் தெளியும். ஒரு ராத்திரி கடைக்காரர் திருகிக்கொண்டே வந்தார். திடீரென்று குரல் திறந்தது. நாலு நிமிஷம். யாரும் டீக்கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

எங்கள் பேச்சு சாமானில் தொடங்கிச் சாவில் முடிவதாக அதுவரை நினைத்திருந்தேன். தப்பு. அவரைப் பொறுத்தவரை சாமான் பேச்சே துக்கப் பேச்சுதான். அம்மாவைப் பற்றி நேராகப் பேச ஆம்பளைக்கு இங்கே வார்த்தை கிடையாது. ஹெட், பெல்ட், பிஞ்ச் ரோலர் என்ற வார்த்தைகள் இருந்தன.

6

நகலெடுக்க முடிகிறபோது கலைப்பொருள் தன் ஒளிவட்டத்தை இழக்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1935-36இல் எழுதினார். ஆயிரக்கணக்கில் அச்சான தட்டுக்கு அது பொருந்தும். ஆனால் அந்தக் கேசட்? நகலெடுக்கும் இயந்திரம்தான் அதைச் செய்தது. ஆனாலும் உலகத்தில் அது ஒன்றே ஒன்று. ரோலான் பார்த் தன் தாயின் சாவுக்குப் பின் எழுதிய புகைப்பட நூலில், தாயின் சிறுவயதுப் படத்தைப் பற்றி எழுதிவிட்டு, படத்தை மட்டும் அச்சிடாமல் விட்டார். தாயின் படமே இல்லாத வீடுகளில் பிறந்தவர்களுக்கு அப்படி விட்டுவிடும் சௌகரியம் இல்லை.

2020இல் கொரோனா வந்தது. பலர் தங்கள் பிணத்தின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கையிலிருந்தது வாட்ஸப்பில் வந்த சில குரல் செய்திகள். 'சாப்டியா', 'போன எடு', இருமல். போன் உடைந்தாலோ மாறினாலோ அதுவும் போகும். முதுகில் ஒடித்துவைக்கக் காதுகூட இல்லாத நாடா அது.

நம் ஆவணக்காப்பகங்கள் வித்வான்களின் தட்டுகளைச் சேர்க்கின்றன. சேர்க்கட்டும். வீட்டுப் பரண்களில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கும் நாடாக்களை யார் சேர்ப்பது? சேர்த்தாலும், 'சரியான' ஹெட்டை வைத்துக் கேட்டுவிட்டுத் 'தரம் போதாது' என்று ஒதுக்குவார்கள். எந்தக் கோணலில் பதிவானதோ அந்தக் கோணலுக்குக் கருவியைத் திருகக் கற்றுக்கொள்ளாதவரை, விளிம்பிலிருந்து வரும் குரல் நமக்கு இரைச்சலாகத்தான் கேட்கும்.

அந்த நாலு நிமிஷத்தை இரண்டு கேசட்டில் பிரதி எடுத்தோம். மூன்றின் காதுகளையும் அவரே ஒடித்தார்.